போட் பின்பலகை ஊறிப்போச்சா? யாராவது சொல்லுங்க

எல்லாருக்கும் வணக்கம். பழவேற்காட்டுல நானும் மச்சானும் சேந்து ஞாயித்துக்கிழமை தூண்டில் போடறதுக்குன்னே செகண்ட் ஹேண்ட்ல ஒரு 16 அடி ஃபைபர் போட் வாங்கினோம், 15 எச்பி அவுட்போர்டு (போட்டுக்குப் பின்னாடி வெளிய மாட்டற இன்ஜின்), ரெண்டு வருஷமா ஒரு தொந்தரவும் இல்ல. போன வாரம் இன்ஜின் மாட்டுற பின்பலகைய அஞ்சு ரூபா காயின வச்சு தட்டிப் பாத்தேன், மேல எல்லாம் டிங் டிங்னு கேக்குது, போல்ட் ஓட்டைக்குக் கீழ மட்டும் ஈரச் சுவத்தத் தட்டுன மாதிரி தொப் தொப்னு. இன்ஜின புடிச்சு ஆட்டுனா பலகையும் சேந்து லேசா அசையுது, போல்ட்ட சுத்தி நூல் நூலா விரிசல். உள்ள இருக்கற பிளைவுட் தண்ணி குடிச்சிருச்சுன்னு நினைக்கறேன்.

கியர் ஆயில் வேற பால் கலந்த டீ மாதிரி வந்துச்சு, ப்ரொப்பெல்லர கழட்டினா ஷாஃப்ட்ல தூண்டில் நரம்பு சுத்திக் கெடக்கு (எங்களோடதேதான்!), தண்ணி உள்ள போகாம தடுக்கற சீல் போயிருக்கும், அது மாத்திக்கலாம் விடுங்க.

கவலையே பலகைதான். மச்சான் மேலாப்புல ரெசின் பூசிடலாம்ங்கறார், எனக்கு மனசு ஒப்பல, ஈரம் உள்ளயேதான நிக்கும்? முழுசா அறுத்தெடுத்து புது பிளைவுட் வச்சவங்க இருக்கீங்களா, உள்பக்கமா வெட்டுனீங்களா வெளிப்பக்கமா, செலவு எவ்ளோ ஆச்சு? அதுவரைக்கும் கரையோரமா மட்டும் ஓட்டலாமா இல்ல தொடவே கூடாதா?