தேர்ட் இயர் பசங்களுக்கு ஏஜென்ட்னா என்னன்னு எப்படி புரிய வெக்கிறீங்க?

தொட்டபெட்டா டீச்சர்:

எல்லாருக்கும் வணக்கம்ங்க. ஊட்டி பக்கம் ஒரு காலேஜ்ல பி.எஸ்சி கம்ப்யூட்டர் சயின்ஸ் தேர்ட் இயருக்கு ஏஐ பேப்பர் எடுக்கிறேன், இது ரெண்டாவது வருஷம். முதல் யூனிட்டே இன்டெலிஜென்ட் ஏஜென்ட், அதாவது சுத்தி நடக்கிறதை உணர்ந்து தானா முடிவெடுத்துச் செயல்படுற எதுவும். பெர்ஃபார்மன்ஸ் மெஷர் (எவ்வளவு நல்லா செஞ்சுதுங்கிற அளவு), என்விரான்மென்ட் (அது இருக்கிற சூழல்), ஆக்சுவேட்டர் (செயல்படுற உறுப்பு), சென்சார் (உணர்ற உறுப்பு)னு நாலையும் தூக்கத்துல எழுப்பிக் கேட்டாலும் ஒப்பிக்கிறாங்க, வேக்குவம் கிளீனருக்கும் டாக்ஸிக்கும் டேபிள் போடச் சொன்னா அச்சு மாறாம போடுறாங்க. ஆனா போன வாரம் வைவால ஒரு பொண்ணுகிட்ட, "உங்க ஊர் ரோட்டுல சாயங்காலம் தானா எரியுதே லைட், அது ஏஜென்டா?"ன்னு கேட்டேன். கிளாஸ்லயே நல்லா படிக்கிற பொண்ணு, பதிலே வரல, கண்ணு கலங்கிடுச்சு. குறை அவ மேல இல்ல, நான் நடத்தினதுலதான்னு அன்னைக்கு ராத்திரி பூரா மனசு உறுத்துச்சு.

இதுல இன்னொரு பக்கம், அசைன்மென்ட் குடுத்தா பாதிப் பேரோட கோடு சாட்ஜிபிடில இருந்து அப்படியே வருது, வேரியபிள் பேரு கூட ஒண்ணு. "மேடம் இப்ப ஏஜென்ட்னா டிக்கெட் புக் பண்ணுது மெயில் அனுப்புது, நீங்க ஏன் இன்னும் வேக்குவம் கிளீனர்லயே நிக்கிறீங்க"ன்னு கேக்குறாங்க, அதுவும் நியாயமான கேள்விதான். லேப்ல இருக்கிறது பழைய மிஷின், ஜிபியூ எல்லாம் கிடையாது, ஜூலை மாசம் காத்து மழைல மரம் சாஞ்சா கரண்டும் நெட்டும் சேந்து போயிடும். பசங்க பாதிப் பேரு தேயிலைத் தோட்டத்து வீட்டுப் பிள்ளைங்க, பந்தலூர் கூடலூர்ல இருந்து முதல் பஸ் புடிச்சு வர்றவங்களும் உண்டு. நீங்கல்லாம் எப்படி நடத்துறீங்க, சொல்லுங்க.

குன்னூர் வாத்தியார்:

மேடம், முதல் ரெண்டு வாரம் கம்ப்யூட்டரைத் தொடவே விடாதீங்க, நான் அப்படித்தான் பண்றேன். டெக்ஸ்ட்புக்ல வம்பஸ் வேர்ல்ட்னு ஒண்ணு வரும், 1973ல கிரெகரி யோப் எழுதின ஒரு பழைய கேம்ல இருந்து எடுத்தது. வம்பஸ்ங்கிறது குகைல ஒளிஞ்சிருக்கிற ஒரு பூதம், பசங்களுக்கு அது என்னன்னு தெரியாது, அதனால நான் அதை எடுத்துட்டு ஆனையை வெச்சேன். தரைல சாக்பீஸ்ல நாலுக்கு நாலு கட்டம், ஒரு கட்டத்துல ஆனை, பக்கத்துக் கட்டத்துக்கு வந்தா சாணி வாசம் அடிக்கும், ரெண்டு மூணு இடத்துல குழி, அதுக்குப் பக்கத்துல வந்தா காத்து வீசும். ஏஜென்டா இருக்கிற பையன் சுவத்தைப் பாத்து உக்காந்துக்கணும், கட்டத்தைப் பாக்கவே கூடாது. இன்னொருத்தன் பின்னாடி நின்னு "வாசம்", "காத்து", "ஒண்ணுமில்ல" இது மட்டும்தான் சொல்லுவான், இவன் முன்னாடி போ, திரும்பு, இது மட்டும்தான் சொல்லலாம். சென்சார் எது ஆக்சுவேட்டர் எதுன்னு அதுக்கப்புறம் யாருக்கும் டேபிள் போட்டுக் காட்ட வேண்டியதில்ல.

முதல் ஆட்டத்துல நோட்டு குடுக்க மாட்டேன், இப்ப காதுல விழுந்ததை மட்டும் வெச்சு முடிவெடுன்னு சொல்லுவேன், பையன் அதே ரெண்டு கட்டத்துல முன்னும் பின்னும் போய்க்கிட்டே இருப்பான். அதுதான் சிம்பிள் ரிஃப்ளெக்ஸ், முன்னாடி நடந்தது எதுவும் ஞாபகம் இல்லாத ஏஜென்ட். ரெண்டாவது ஆட்டத்துல ஒரு நோட்டு. அப்பதான் கிளாஸே மாறும். போன வருஷம் ஒருத்தன் தனக்குத்தானே பேசிக்கிட்டே எழுதினான், "மேல் கட்டத்துல வாசம் இருக்கு, வலது கட்டத்துல இல்ல, அப்ப குறுக்குக் கட்டத்துல ஆனை இருந்தா வலதுலயும் வாசம் வந்திருக்கணுமே, வரல, அப்ப ஆனை இன்னும் ஒரு கட்டம் மேலதான்". லாஜிக்கல் இன்ஃபரன்ஸ்னு ரெண்டு மாசம் கழிச்சு நடத்த வேண்டியதை அவனே போட்டுட்டான், எனக்கு உடம்பு சிலிர்த்துப் போச்சு.

ஆனா அன்னைக்கு பெரிய விஷயம் வேற. பின் பெஞ்சுல ஒரு பந்தலூர் பையன் எந்திரிச்சு, "சார் ஆனை ஒரே இடத்துல நிக்காது சார், நேத்து ராத்திரி எங்க லைன் வீட்டுக்குப் பின்னாடி இருந்துச்சு, காலைல ரோட்டுக்கு அந்தப் பக்கம் நின்னுச்சு, சாணி மட்டும் இங்கேயே கிடந்துச்சு"ன்னான். ஸ்டேட்டிக் (மாறாம இருக்கிற சூழல்), டைனமிக் (தானா மாறிக்கிட்டே இருக்கிற சூழல்) வித்தியாசத்தை இதைவிட யாரு நல்லா சொல்லிட முடியும்? அப்புறம் ஒவ்வொரு ஆட்டத்துக்கும் ஆனையை ஒரு கட்டம் நகத்த ஆரம்பிச்சோம், பழைய வாசத்தை எவ்வளவு நேரம் நம்பலாம்னு பசங்களுக்குள்ள சண்டையே வந்துருச்சு. ப்ராபபிலிட்டி யூனிட்டை நான் அங்க இருந்துதான் தொடங்குறேன்.

கொடைக்கானல் தென்றல்:

குன்னூர் சார் சொன்னதை அப்படியே நானும் எடுத்துக்கப் போறேன். நான் சர்ச், அதாவது வழி தேடுற யூனிட் பத்தி மட்டும் சொல்றேன். புக்ல ருமேனியா மேப் இருக்கும், நான் அதை விட்டுட்டு பழனி மலை மேப்பைக் குடுத்தேன். குறைஞ்ச தூர வழியைக் கண்டுபிடிக்கிற ஏ ஸ்டார் முறை 1968ல வந்தது, ஸ்டான்ஃபோர்ட் ரிசர்ச் இன்ஸ்டிடியூட்ல ஷேக்கின்னு ஒரு ரோபோவுக்கு வழி கண்டுபிடிக்க வேலை பாக்கும்போது ஹார்ட், நில்சன், ரஃபேல் மூணு பேரும் எழுதினது, அது தரைல ஓடுற ரோபோ. மலைல என்ன ஆகுதுன்னு பாருங்க. பழனில இருந்து கொடைக்கானலுக்கு நேர்க்கோட்டுல 25 கிலோமீட்டருக்குள்ளதான், ரோட்டுல போனா 60க்கு மேல. நேர்க்கோட்டு தூரத்தை ஹியூரிஸ்டிக்கா, அதாவது இன்னும் எவ்வளவு தூரம்ங்கிற உத்தேசக் கணக்கா வெச்சா தப்பில்ல, அது எப்பவும் குறைச்சுத்தான் சொல்லும், விடை சரியா வரும், ஆனா ரொம்பவே குறைச்சு சொல்றதால தேவையில்லாத ஊரையெல்லாம் தொறந்து பாக்கும். ஒரு பொண்ணு "மலைல எல்லாமே ரெண்டரை மடங்கு சுத்து மேடம்"னு ஹியூரிஸ்டிக்கை ரெண்டரையால பெருக்கிட்டா. மலை ரோட்டுல வேகமா ஓடுச்சு. கீழ வத்தலக்குண்டு பக்கம் ரோடு நேரா போற இடத்துல அது உண்மைத் தூரத்தைவிட அதிகமா சொல்லிருச்சு, நல்ல வழியை விட்டுட்டு நீளமான வழியைக் குடுத்துருச்சு. அட்மிசிபிள்னா, அதாவது உண்மைத் தூரத்தைவிட எப்பவும் அதிகமா சொல்லாத ஹியூரிஸ்டிக்னா என்னன்னு அவ இனி ஜென்மத்துக்கும் மறக்க மாட்டா.

உங்க பக்கம் இன்னும் நல்லா பண்ணலாம், சீசன்ல குன்னூர் வழியா ஏறி கோத்தகிரி வழியா இறங்கணும்னு ஒருவழி ஆக்கிடுவாங்கல்ல, அந்த ஒரு ரூலைச் சேத்து, ஊரும் ரோடும் போட்ட கிராஃபை மாத்தச் சொல்லுங்க. லேப்புக்கு பேக்மேன் கேமை வெச்சு ஏஐ கத்துக்குடுக்கிற பெர்க்லி யூனிவர்சிட்டியோட ப்ராஜெக்ட் போதும், பைத்தான்தான், ஜிபியூ வேணாம், ஒரு தடவை டவுன்லோட் பண்ணிட்டா நெட்டும் வேணாம்.

கோத்தகிரி பையன் இப்ப கோவைல:

நான் டீச்சர் இல்லைங்க, படிச்சு முடிச்சு ஒரு ஐடி கம்பெனில வேலை பாக்குறேன். பெர்ஃபார்மன்ஸ் மெஷரை காலேஜ்ல ஒரு வரில தாண்டிப் போனாங்க, அதோட விலையை வேலைலதான் குடுத்தேன். கஸ்டமர் கம்ப்ளைன்ட்டை தானா படிச்சு பதில் போடுற ஏஜென்ட் ஒண்ணு எங்க டீம்ல செஞ்சோம், எத்தனை டிக்கெட் (ஒவ்வொரு கம்ப்ளைன்ட்டும் ஒரு டிக்கெட்) க்ளோஸ் ஆச்சுங்கிறதைத்தான் அளவா வெச்சோம். நம்பர் ரொம்ப நல்லா வந்துச்சு. பாத்தா பிரச்சனை தீராமலே க்ளோஸ் பண்ணிக்கிட்டே இருந்திருக்கு, கஸ்டமர் திரும்பத் தொறக்குறாரு, அதை இன்னொரு தடவை க்ளோஸ் பண்ணி ரெண்டா எண்ணிக்குது. எங்கம்மா கொழுந்து பறிக்கிறவங்க, அவங்ககிட்ட சொன்னப்ப உடனே புரிஞ்சுக்கிட்டாங்க. கிலோவுக்கு மட்டும் காசுன்னா ரெண்டு இலை ஒரு மொட்டுன்னு யாரு பாத்துப் பறிப்பா, முத்துன இலையும் சேந்துதான் வரும், மழை நாள்ல ஈர இலை எடை தூக்கும்னு பாக்டரில கழிப்பாங்கன்னு சொன்னாங்க. உங்க பசங்க வீட்டுல இதெல்லாம் தினம் பேசுற பேச்சு மேடம், அங்க இருந்தே ஆரம்பிங்க.

டிக்கெட் புக் பண்ற ஏஜென்ட் பத்தி கேக்குற பசங்ககிட்டயும் இந்தச் சாக்பீஸ் ஆட்டத்துல வர்ற கேள்விகளையே கேளுங்க. அது எதைப் பாக்குது, வெப் பேஜும் டூல் திருப்பிக் குடுக்கிற பதிலும். எதைச் செய்ய முடியும், நாம குடுத்த டூல் மட்டும். நோட்டு எது, அது வரைக்கும் நடந்த பேச்சு. வாசம் கேக்குறது, நோட்டுல எழுதுறது, நகர்றது, திரும்பக் கேக்குறது, அதே சுத்துதான், நடுவுல முடிவெடுக்கிறது மட்டும் சாட்ஜிபிடி மாதிரி ஒரு லாங்குவேஜ் மாடல்.

தொட்டபெட்டா டீச்சர்:

மூணு பேருக்கும் மனசார நன்றி. இன்னைக்கு சாக்பீஸ் ஆட்டம் போட்டுப் பாத்தேன், பெல் அடிச்சும் யாரும் எந்திரிக்கல. ஒரு சந்தேகம், இதுக்கு இன்டர்னல் மார்க் எப்படிப் போடுறீங்க?

குன்னூர் வாத்தியார்:

கோடு எங்க இருந்து வந்தாலும் பரவால்லைன்னு விட்டுடுறேன். கூடவே கையால எழுதின பெர்செப்ட் நோட்டு, அதாவது ஏஜென்ட் உணர்ந்ததை எழுதின நோட்டு வேணும், ஒவ்வொரு ஸ்டெப்புக்கும் என்ன கேட்டுச்சு, என்ன நம்புச்சு, ஏன் நகந்துச்சுன்னு. வைவால ஒரே ஒரு ரூலை மாத்துவேன், "இப்ப காத்துன்னு சொல்றது பத்துல ரெண்டு தடவை பொய், உன் ஏஜென்ட் எங்க கெடும்?"னு. புரிஞ்சு பண்ணவனுக்கு விரல் தானா அந்த வரிக்குப் போகும்.

தொட்டபெட்டா டீச்சர்:

பண்ணிடறேன் சார். அந்த லைட் பொண்ணு இன்னைக்கு கிளாஸ் முடிஞ்சு பின்னாடியே வந்தா. "மேடம் அது ஏஜென்ட்தான், ஆனா நோட்டு இல்லாத ஏஜென்ட். அதுக்கு மணி தெரியாது, வெளிச்சம் மட்டும்தான் தெரியும், அதான் மூடுபனி இறங்கினா மத்தியானம் மூணு மணிக்கே எரியுது"ன்னு சொல்லிட்டு பஸ்ஸுக்கு ஓடிட்டா.