6 வயசும் 9 வயசும் வீட்டிலேயே படிக்கிறார்கள்: வார அட்டவணையை எப்படி அமைப்பது?

நொய்யல்கரை:

வணக்கம். மகளுக்கு 9, மகனுக்கு 6. இருவருக்கும் வீட்டில்தான் படிப்பு. தமிழ்நாடு பாடநூல் கழகப் புத்தகங்களை இணையத்திலிருந்து இறக்கி, தேவையான பக்கங்களை மட்டும் அச்செடுத்து வைத்திருக்கிறோம். பள்ளிக்கூடம் போல 40 நிமிடப் பீரியடாகப் பிரித்தால் சரிவரவில்லை. பெரியவளுக்குக் கணக்குச் சொல்லித் தரும்போது சின்னவன் எழுந்து போய்விடுகிறான். அவனை உட்கார வைப்பதற்குள் சமையல் நேரம் வந்துவிடுகிறது.

எந்தப் பாடத்தை வாரத்தில் எத்தனை நாள், எவ்வளவு நேரம் வைப்பது? கைவேலைக்குக் கடையில் கிட் வாங்காமல் வீட்டுப் பொருளிலேயே என்ன செய்யலாம்? பெரியவளுக்குப் பின்னம் பிடிபடவில்லை, சின்னவனுக்குக் கழித்தல். தெரிந்தவர்கள் கொஞ்சம் விவரமாகச் சொல்லுங்கள்.

வேப்பநிழல்:

சகோதரி, கடிகாரத்தை விட்டுவிட்டு வீட்டு வேலையின் வரிசையைப் பிடித்துக்கொள்ளுங்கள். வீட்டில் மணி முன்னே பின்னே ஆகும், வரிசை மாறாது. காலைச் சாப்பாடு, பாத்திரம், மதியச் சாப்பாடு, மாலையில் வாசல் பெருக்குவது என்று எப்படியும் நடக்கிற வேலைகளுக்குப் பின்னால் ஒவ்வொரு பாடத்தையும் கட்டிவிடுங்கள். "பத்து மணிக்குக் கணக்கு" என்று போட்டால் பத்தேகாலுக்கே தாமதம் என்ற பதற்றம் வரும். "பாத்திரம் கவிழ்த்ததும் கணக்கு" என்றால் தாமதம் என்ற பேச்சுக்கே இடமில்லை.

தனித்தனியாகச் சொல்லித் தர வேண்டியவை இரண்டே இரண்டு: தமிழ் எழுத்தும் கணக்கும். இவை திங்கள் முதல் வெள்ளி வரை தினமும் இருக்கட்டும். 6 வயசுக்கு ஒவ்வொன்றும் 15 நிமிடம், 9 வயசுக்கு 25 முதல் 30 நிமிடம். அதற்கு மேல் நீட்டினால் கை எழுதும், மனசு இருக்காது. மற்ற எல்லாவற்றையும், அறிவியல், சமூக அறிவியல், கதை, ஆங்கில வாசிப்பு, கைவேலை எல்லாவற்றையும், இருவருக்கும் சேர்த்தே வையுங்கள். தலைப்பு ஒன்று, ஆழம் வேறு. விதை முளைப்பது பாடம் என்றால் சின்னவன் தினமும் படம் வரையட்டும், பெரியவள் முளையை அளவுகோலால் அளந்து தேதியோடு எழுதட்டும்.

தனிப்பாடத்தில் சின்னவனை முதலில் முடித்துவிடுங்கள். பெரியவள் அந்த நேரத்தில் நேற்றுப் புரிந்த கணக்கில் நாலைத் தானே போடலாம். புதுக்கணக்கைக் கொடுத்தால் இரண்டு நிமிடத்துக்கு ஒருமுறை உங்களைக் கூப்பிடுவாள். அவள் முறை வரும்போது சின்னவனுக்கு ஒரு தட்டு கொடுங்கள்: முறத்தில் துவரை, உளுந்து, பச்சைப்பயறு கலந்த ஒரு கைப்பிடி, மூன்று கிண்ணம். அல்லது ஈரக் களிமண். அல்லது வடிகட்டி, புனல், தண்ணீர். அந்தத் தட்டு அந்த அரை மணி நேரத்துக்கு மட்டும்தான் வெளியே வர வேண்டும். முடிந்ததும் பரணுக்குப் போய்விட வேண்டும். நாள் முழுக்கத் தரையில் கிடந்தால் நாலாம் நாள் திரும்பிக்கூடப் பார்க்க மாட்டான்.

மதியத்துக்கு: திங்கள் சமூக அறிவியல், செவ்வாய் அறிவியல், புதன் முழுக்கக் கைவேலை, வாரச் சந்தை கூடும் நாளில் சந்தை. வெள்ளி மதியத்தைக் காலியாக விடுங்கள். காய்ச்சல், விருந்தாளி, மின்தடை எல்லாம் எந்த வாரமும் வரும். விட்டுப்போனது வெள்ளிக்கு நகரும். அந்த இடம் இல்லாவிட்டால் பாக்கி அடுத்த வாரத்தில் ஏறி, அதுதான் மொத்த அட்டவணையையும் கலைக்கிறது.

அறிவியலுக்கு மாவு அரைக்கிற நாளை விட்டுவிடாதீர்கள். இட்லி அரிசி 4, உளுந்து 1 என்று அளப்பதே விகிதப் பாடம். அரைத்த மாவை ஒரே மாதிரியான இரண்டு கண்ணாடிப் பாட்டிலில் பாதிக்குக் கீழாக ஊற்றி, மட்டத்தில் ரப்பர் பேண்டு போடுங்கள். ஒன்று அடுக்களை மேடையில், ஒன்று ஃபிரிட்ஜில். தூங்கும் முன் ஒரு கோடு, எழுந்ததும் ஒரு கோடு. வெளியே வைத்தது ஏறியிருக்கும், உள்ளே வைத்தது அப்படியே இருக்கும். நுண்ணுயிர் விடும் வாயுதான் மாவை உயர்த்துகிறது, குளிரில் அதன் வேகம் குறைகிறது என்பதைப் பிள்ளையே சொல்லிவிடும். மூடியை இறுக்காதீர்கள், வாயு வெளியேற வழி வேண்டும்.

சந்தைக்குப் பெரியவள் கையில் சீட்டும் 200 ரூபாயும் கொடுங்கள். கிலோ 60 என்றால் கால் கிலோ எவ்வளவு என்று அவள் சொன்ன பிறகுதான் பணம் நீட்ட வேண்டும். சின்னவன் மீதிச் சில்லறையை எண்ணட்டும்.

ஈர்க்குக்கட்டு:

கணக்கை மட்டும் நான் எடுத்துக்கொள்கிறேன் அக்கா.

சின்னவனின் கழித்தல்: 52−27 கொடுத்தால் 35 என்று எழுதுகிறானா பாருங்கள். அப்படியென்றால் இரண்டு இடத்திலும் பெரிய இலக்கத்திலிருந்து சின்னதைக் கழிக்கிறான். "கடன் வாங்கு" என்று எத்தனை முறை சொன்னாலும் இது போகாது, ஏனென்றால் 5 என்பது ஐந்து பத்து என்று அவன் கண்ணுக்குத் தெரியவில்லை. ஈர்க்குச்சியை விரல் நீளத்துக்கு 100 துண்டாக நறுக்கி, பத்துப் பத்தாக ரப்பர் பேண்டு போட்டுக் கட்டுங்கள். 52 என்றால் 5 கட்டு, 2 குச்சி. ஏழு குச்சி எடு என்றால் இரண்டுதான் இருக்கும், ஒரு கட்டைப் பிரித்தே ஆக வேண்டும். பிரித்தால் 4 கட்டு, 12 குச்சி. இப்போது 7 குச்சி, 2 கட்டு எடுத்தால் மிச்சம் 25. பேண்டை அவன் கையாலேயே கழற்ற வேண்டும், நீங்கள் கழற்றித் தந்தால் பயனில்லை. குறைந்தது இரண்டு வாரம் குச்சியோடு போகட்டும், நோட்டில் எழுதும் முறை அதற்கப்புறம்.

பெரியவளின் பின்னம்: வீட்டில் படி, உழக்கு, ஆழாக்கு இருந்தால் அதைவிட நல்ல கருவி கிடையாது. 2 ஆழாக்கு 1 உழக்கு, 4 உழக்கு 1 படி. ஆக உழக்கு என்பது கால் படி, ஆழாக்கு என்பது அரைக்கால் படி, அதாவது 1/8. எட்டு நாலைவிடப் பெரியது என்பதால் 1/8 தான் 1/4ஐ விடப் பெரியது என்று பிள்ளைகள் நினைப்பார்கள். ஆழாக்கையும் உழக்கையும் பக்கத்தில் வைத்து அரிசியை ஊற்றினால் அந்தக் குழப்பம் அன்றே தீரும். 3/8ம் 1/4ம் கூட்டினால்? உழக்கை ஆழாக்காக மாற்றினால் 3+2, அதாவது 5/8. பகுதியைச் சமமாக்குவது என்று புத்தகம் சொல்வது இதைத்தான். ஒன்று முக்கியம்: தலை தட்டி அளக்க வேண்டும். குவித்து அளந்தால் எட்டு ஆழாக்கு படியில் அடங்காது, பிள்ளை பின்னத்தையே சந்தேகப்படும்.

பல்லாங்குழியை வாரம் இரண்டு நாள் சேர்த்துக்கொள்ளுங்கள். 14 குழி, குழிக்கு 5 என்றால் 70 காய், 6 என்றால் 84. கையில் எடுத்த காயைப் போடத் தொடங்கும் முன் "கடைசிக் காய் எந்தக் குழியில் விழும்?" என்று கேளுங்கள். காய்க்குப் புளியங்கொட்டையோ சோழியோ போதும். கறுப்புக் கண்ணுள்ள சிவப்புக் குன்றிமணி வேண்டாம். கடித்து விழுங்கினால் கொடிய விஷம், அழகாக இருக்கிறதே என்று பலரும் தெரியாமல் பிள்ளைகள் கையில் கொடுக்கிறார்கள்.

மாலை வாசல் வேலையோடு கோலத்தைச் சேருங்கள். நேர்ப்புள்ளியில் 1, 3, 5, 3, 1 வைத்தால் மொத்தம் 13. 7 வரை ஏற்றி இறக்கினால் 25. 9 வரை போனால் எத்தனை என்று வைக்கும் முன்பே பெரியவளைக் கேளுங்கள். 13 = 9+4, 25 = 16+9 என்று எழுதிக் காட்டினால் அடுத்தது 25+16, 41 என்று கண்டுபிடிப்பாள். சாய்வாகப் பார்த்தால் ஒரு 5×5 சதுரமும் அதன் நடுவே ஒரு 4×4 சதுரமும் தெரியும். இரண்டு நிறப் பொடியில் வைத்தால் சின்னவனுக்கும் தெரியும்.

கூழ்க்கிண்ணம்:

புதன்கிழமைக் கைவேலைக்குக் காகிதக் கூழ்க் கிண்ணம் சொல்கிறேன். மூன்று வாரத்துக்கு வேலை இருக்கும்.

250 கிராம் பழைய செய்தித்தாளை இரண்டு விரல் அகலத்துக்குக் கிழித்து இரண்டு இரவு ஊற வையுங்கள், தினம் தண்ணீர் மாற்றுங்கள். வழவழப்பான வண்ணத்தாள் சேர்க்காதீர்கள், அது கரையாமல் சவ்வுபோல நிற்கும். 50 கிராம் வெந்தயத்தைத் தனியே ஓர் இரவு ஊற வைத்து வழுவழுவென அரையுங்கள். பசையும் அதுவே, பூச்சி அண்டாமல் காப்பதும் அதுவே. காகிதத்தைப் பிழிந்து, உரலிலோ மிக்சியிலோ அரைத்து வெந்தய விழுதோடு பிசையுங்கள். உருட்டினால் உருண்டை நிற்க வேண்டும், அழுத்தினால் தண்ணீர் சொட்டக் கூடாது. சொட்டினால் பூசியது சரிந்து அடியில் தடித்துவிடும்.

எவர்சில்வர் கிண்ணத்தைக் கவிழ்த்து ஈரத்துணி போர்த்தி, மேலே அரை சென்டிமீட்டர் கனத்துக்குப் பூசுங்கள். சின்னவன் தட்டித் தட்டி அப்பட்டும், பெரியவள் விளிம்பைச் சமன் செய்யட்டும். முதல் நாள் நிழலில்தான் காய வேண்டும். நேரே வெயிலில் வைத்தால் வெளிப்பக்கம் முந்திக் காய்ந்து வெடிக்கும். இன்னொரு காரணத்தாலும் வெடிக்கும்: கூழ் காயக் காயச் சுருங்கும், உள்ளே இருக்கும் கிண்ணம் சுருங்காது. அதனால் அரைக்காய்ச்சலாக இருக்கும்போதே துணியோடு கழற்றி, பிறகு வெயிலில் வையுங்கள். அடுத்த புதன் மணல்தாளால் தேய்த்து, அதற்கடுத்த புதன் வண்ணம். பழைய செய்முறைகளில் பசைக்கு மயில்துத்தம் சேர்ப்பார்கள், அது நஞ்சு. பிள்ளைகள் கை வைக்கும் வேலைக்கு அது கூடவே கூடாது.

கூழ் காய்கிற நாட்களில் சங்குப்பூ வேலை. பத்து நீலப் பூவை ஒரு டம்ளர் வெந்நீரில் போட்டு ஆறியதும் வடிகட்டி, மூன்று கிண்ணத்தில் ஊற்றுங்கள். ஒன்றில் எலுமிச்சைச் சாறு: ஊதா, இன்னும் விட்டால் இளஞ்சிவப்பு. ஒன்றில் சமையல் சோடா: நீலப்பச்சை. ஒன்று அப்படியே ஒப்பிட. மஞ்சள் குழைத்துப் பூசிக் காய வைத்த தாளில் சோப்புத் தண்ணீரால் எழுதினால் செங்காவி நிறத்தில் எழுத்து வரும், எலுமிச்சை தடவினால் மறையும். பெரியவள் அறிவியல் நோட்டில் அமிலம், காரம் என்று இரண்டு பத்தி போட்டு வீட்டிலுள்ள பத்துப் பொருளைச் சோதித்து எழுதட்டும். கழிவறை கழுவும் ஆசிட் அந்தப் பட்டியலில் வேண்டாம்.

நொய்யல்கரை:

மூவருக்கும் மிக்க நன்றி. இன்னும் மூன்று சந்தேகம். சின்னவன் 'கெ' என்பதைப் பார்த்து முதலில் கொம்பைப் படிக்கப் போய்த் திணறுகிறான், உகர வரிசையும் நிற்கவில்லை. ஐப்பசி மழையில் கூழ் எப்படிக் காயும்? பின்னாளில் சான்றிதழுக்கு என்ன வழி?

அகரவரிசை:

கொம்பு முன்னால் இருந்தாலும் ஒலி பின்னால் வருவதுதான் சிக்கல். தபால் அட்டை அளவுத் தாளில் ஓர் எழுத்து அகலத்துக்குச் சன்னல் வெட்டி, முதலில் 'க' மட்டும் தெரிய வையுங்கள். 'க்' என்று சொன்ன பிறகு சன்னலை அகலமாக்கிக் கொம்பைக் காட்டினால் 'கெ'. ஒற்றைக் கொம்பு நன்றாக நின்ற பிறகே இரட்டைக் கொம்பு. 'கொ', 'கோ' கடைசியில். நாலு வரிசையையும் ஒரே வாரத்தில் கொடுப்பதால்தான் குழம்புகிறது.

உகரத்தை க, ங, ச என்ற வரிசையில் சொல்லித் தராதீர்கள். வடிவத்தைப் பார்த்து மூன்று கூட்டமாகப் பிரியுங்கள்: கு, டு, மு, ரு, ழு, ளு ஒரு கூட்டம். ஙு, சு, பு, யு, வு கீழே கோடு இறங்கும் கூட்டம். ஞு, ணு, து, நு, லு, று, னு மூன்றாவது. வாரத்துக்கு ஒரு கூட்டம். ஙு, ஞு இரண்டும் வாசிப்பில் வருவதே அரிது, அவற்றுக்காக நிற்க வேண்டாம்.

எழுத்துக்கூட்டத் தொடங்கியதும், அவன் பேசுகிற ஒரு வாக்கியத்தை அப்படியே எழுதி வையுங்கள்: "பூனை வந்துச்சு". மறுநாள் அதைப் பெரியவள் "பூனை வந்தது" என்று எழுத்துத் தமிழில் மாற்றட்டும். ஒரு நோட்டில் இருவருக்கும் பாடம் ஆகிவிடும்.

வேப்பநிழல்:

சான்றிதழுக்கு இப்போதே கவலை வேண்டாம், ஆனால் வழி தெரிந்திருக்க வேண்டும். என்.ஐ.ஓ.எஸ் எனப்படும் தேசிய திறந்தநிலைப் பள்ளியில் அடிப்படைக் கல்வி ஏ, பி, சி என மூன்று நிலை: 3, 5, 8ஆம் வகுப்புக்குச் சமம். பத்தாம் வகுப்புக்கு 14 வயசு நிறைந்திருக்க வேண்டும். ஐந்து பாடம் போதும், தமிழை மொழிப்பாடமாக எடுக்கலாம். பொதுத்தேர்வு ஆண்டுக்கு இருமுறை, ஏப்ரல்–மே, அக்டோபர்–நவம்பர். மாநில வழியில் போவதென்றால் எட்டாம் வகுப்பைத் தனித்தேர்வராக எழுதலாம், அதற்கு 12½ வயசு நிறைய வேண்டும். பிறப்புச் சான்றிதழிலும் ஆதாரிலும் பெயர், முன்னெழுத்து, பிறந்த தேதி எழுத்துக்கு எழுத்து ஒன்றாக இருக்கிறதா என்று இந்த வருஷமே பார்த்து வையுங்கள். விண்ணப்பம் திரும்பி வருவது பெரும்பாலும் அந்த இடத்தில்தான்.

கூழ்க்கிண்ணம்:

மழைக்காலத்தில் கனத்தைப் பாதியாக்கிவிடுங்கள், கிண்ணமும் உள்ளங்கை அளவு போதும். கம்பி வலைத் தட்டில் வைத்து மின்விசிறிக்குக் கீழே வைத்தால் அடியிலும் காற்றுப் படும். தரையிலோ தட்டிலோ வைத்தால் அடிப்பக்கம் பூஞ்சை பிடிக்கும். மூன்றாம் நாளும் தொட்டால் சில்லென்று இருந்தால் உள்ளே ஈரம் இருக்கிறது, வண்ணம் பூசாதீர்கள். மிஞ்சிய கூழை உருண்டையாக்கி நன்றாகக் காய வைத்து எடுத்து வையுங்கள். மறுபடி ஊற வைத்தால் வேலைக்கு ஆகும். ஈரத்தோடு டப்பாவில் மூடினால் இரண்டு நாளில் நாறிவிடும்.