ஆர்லாண்டோ டிஸ்னி: டிவிசி ஓனரிடம் பாயிண்ட் வாடகைக்கு எடுத்து டூ பெட்ரூம் போடலாமா? (6 பேர், ஜூன், 7 இரவு)

பெரியகுடும்பம்_அட்லாண்டா:

எல்லாருக்கும் வணக்கம். அடுத்த ஜூன் முதல் வாரம் வால்ட் டிஸ்னி வேர்ல்டு போகத் திட்டம். நாங்கள் இரண்டு பேர், எட்டு வயதுப் பையன், இரண்டு வயதுப் பாப்பா (மே மாதம் மூன்று முடிகிறது), ஊரிலிருந்து வரப்போகும் மாமனார், மாமியார். மாமியாருக்கு முழங்கால் வலி, படி ஏற முடியாது. மாமனாருக்குச் சர்க்கரை, மூன்று வேளையும் வெளிச்சாப்பாடு சரிப்படாது. அதனால் அடுப்பு உள்ள இடம் வேண்டும். காரில் வருகிறோம்.

டிஸ்னி தளத்தில் டூ பெட்ரூம் வில்லா விலையைப் பார்த்தால் தலை சுற்றுகிறது. டிஸ்னி வெகேஷன் கிளப் (டிவிசி; தங்கும் உரிமையைப் பலர் பங்கிட்டு வாங்கும் டிஸ்னியின் டைம்ஷேர்) ஓனர்களிடம் பாயிண்ட் வாடகைக்கு எடுத்தால் பாதி விலைக்கு வரும் என்கிறார்கள். கணக்கு எப்படிப் போடுவது? யாரை நம்பிப் பணம் கட்டுவது? ஒரு ஓனர் ஓல்டு கீ வெஸ்ட் என்ற டிஸ்னி ரிசார்ட்டில் பாயிண்ட்டுக்கு 19 டாலர் என்று தருகிறார். முழுப் பணத்தையும் முதலிலேயே ஸெல்லில் (வங்கிக் கணக்குக்கு நேரடியாகப் பணம் அனுப்பும் சேவை) அனுப்பச் சொல்கிறார். சம்மதிக்கலாமா?

பாயிண்ட்_கணக்கு:

ஸெல்லில் முழுப் பணம் வேண்டாம். அதில் அனுப்பினால் கையில் கொடுத்த ரொக்கம் மாதிரிதான், திரும்ப வாங்க வழி கிடையாது. 19 டாலர் நியாயமான விலைதான். கவலைப்பட வேண்டியது விலையைப் பற்றி அல்ல, புக்கிங் கடைசி நாள் வரை யார் கையில் இருக்கிறது என்பதைப் பற்றி.

டிவிசி ஓனரிடம் இருப்பது குறிப்பிட்ட அறை அல்ல, ஆண்டுதோறும் கணக்கில் விழும் பாயிண்ட். ஒவ்வொரு ரிசார்ட்டுக்கும் ஆண்டுக்கு ஒரு பாயிண்ட் சார்ட் உண்டு, இணையத்தில் யாரும் பார்க்கலாம். அறை வகை, ஜன்னல் காட்சி, தேதி மூன்றையும் பொறுத்து இரவுக்கு இத்தனை பாயிண்ட் என்று போட்டிருக்கும். ஞாயிறு முதல் வியாழன் வரை ஒரு எண், வெள்ளி சனிக்கு அதைவிடக் கூடுதல். ஒரு பேச்சுக்கு வாரநாள் 30, வெள்ளி சனி 36 என்று வைத்துக்கொள்ளுங்கள். ஏழு இரவுக்கு 150 + 72 = 222 பாயிண்ட். பாயிண்ட் 20 டாலர் என்றால் 4,440 டாலர். ஞாயிறு உள்ளே போய் வெள்ளி காலை கிளம்பினால் 150 பாயிண்ட், 3,000 டாலர்தான். அந்த இரண்டு வார இறுதி இரவு உங்களுக்கு உண்மையிலேயே தேவையா என்று முதலில் யோசியுங்கள். பெரியவர்களையும் சின்னக் குழந்தையையும் வைத்துக்கொண்டு ஏழு நாளும் பூங்கா சுற்ற முடியாது.

டிஸ்னியின் முழு விலையோடு ஒப்பிட்டால் பாதிக்கு வருவது உண்டு. டிஸ்னியே தள்ளுபடி அறிவிக்கும் வாரங்களில் அந்த வித்தியாசம் சுருங்கிவிடும். அதனால் உங்கள் தேதிக்கு இரண்டையும் பக்கத்தில் வைத்துப் பாருங்கள்.

அடுத்தது காலம். ஒரு ரிசார்ட்டைத் தன் ‘ஹோம் ரிசார்ட்’ (அவர் பாயிண்ட் வாங்கிய ரிசார்ட்) ஆக வைத்திருக்கும் ஓனர் 11 மாதத்துக்கு முன்பே அங்கே புக் செய்யலாம். மற்ற ஓனர்களுக்கு 7 மாதத்தில்தான் கதவு திறக்கும். இப்போது ஆகஸ்ட். உங்கள் ஜூன் தேதிக்கு நவம்பர் வரை அந்தந்த ரிசார்ட்டின் ஓனர்தான் புக் செய்ய முடியும். ஆகவே யாரிடம் பேசினாலும் முதல் கேள்வி, “உங்கள் ஹோம் ரிசார்ட் எது?” என்பதாக இருக்கட்டும். “எந்த ரிசார்ட் வேண்டுமானாலும் இப்போதே போட்டுத் தருகிறேன்” என்று சொல்பவரிடம் அதற்கு மேல் பேசவே வேண்டாம். ரிவியெரா ரிசார்ட் கேட்கிறீர்கள் என்றால் இன்னொரு சிக்கல்: 2019 ஜனவரி 19க்குப் பிறகு மற்ற ரிசார்ட்டுகளின் பாயிண்ட்டை இரண்டாம் கையாக வாங்கிய ஓனர்களால் அங்கே புக் செய்ய முடியாது.

ஓனர் உண்மையானவரா என்று பார்க்க நல்ல வழி ஒன்று இருக்கிறது. வால்ட் டிஸ்னி வேர்ல்டில் உள்ள டிவிசி பத்திரங்கள் புளோரிடாவின் ஆரஞ்சு கவுண்டியில் பதிவாகின்றன. கவுண்டி கம்ப்ட்ரோலர் (பத்திரங்களைப் பதிவு செய்யும் அதிகாரி) தளத்தில் பெயரைப் போட்டுத் தேடினால் பத்திரம் வரும், கட்டணம் இல்லை. பத்திரத்தில் உள்ள பெயரும், ஒப்பந்தத்தில் கையெழுத்துப் போடுபவர் பெயரும், பணம் போகும் கணக்கின் பெயரும் ஒன்றாக இருக்க வேண்டும்.

புக் ஆனதும் உறுதி எண்ணை வாங்கி, மை டிஸ்னி எக்ஸ்பீரியன்ஸ் செயலியில் உங்கள் பெயரோடு நீங்களே இணைத்துப் பாருங்கள். ஸ்கிரீன்ஷாட்டை யாரும் திருத்தலாம், செயலியில் வருவதைத் திருத்த முடியாது. தேதி, அறை வகை, ஆறு பேரின் பெயர் எல்லாம் சரியா என்று ஒரு தடவை வரி வரியாகப் படியுங்கள். பெயர் எழுத்துப் பிழையாக இருந்தால்கூட உங்களால் டிஸ்னியைக் கூப்பிட்டு மாற்ற முடியாது. டிவிசி மெம்பர் சர்வீசஸ் ஓனரிடம் மட்டுமே பேசும். பெயர் திருத்தம், ஆள் சேர்ப்பது, டைனிங் பிளான் சேர்ப்பது எல்லாம் அவர் வழியாகத்தான். இத்தனை நாளுக்குள் செய்து தருவேன் என்று ஒப்பந்தத்தில் எழுதி வாங்குங்கள்.

பணம்: செயலியில் புக்கிங் தெரிந்த பிறகு ஒரு பாதி, பயணத்துக்கு ஒன்றிரண்டு மாதம் முன்பு மீதி என்று கேளுங்கள். பேபாலில் ‘பொருள், சேவை’ வகையில் அனுப்பினால் கட்டணம் கொஞ்சம் போகும். ஆனால் அதிலும் புகார் செய்ய 180 நாள்தான் கெடு. பத்து மாதம் முன்பே முழுசாகக் கட்டிவிட்டால், நீங்கள் போய்ச் சேருவதற்கு முன்பே கெடு முடிந்துவிடும். பணத்தைப் பிரித்துக் கட்டச் சொல்வதற்கு முக்கியக் காரணம் இதுதான். நேரடியாகப் பேசத் தயக்கமென்றால் புரோக்கர் நிறுவனம் வழியாகப் போங்கள். பாயிண்ட்டுக்குச் சில டாலர் கூடும். பெரும்பாலான புரோக்கர்கள் ஓனருக்குச் சேர வேண்டியதில் ஒரு பங்கை நீங்கள் செக்-இன் செய்யும் வரை நிறுத்தி வைப்பார்கள். முதல் தடவை எடுப்பவர்களுக்கு அந்தக் கூடுதல் செலவு தகும்.

மீனா_சமையலறை:

ஓல்டு கீ வெஸ்ட் என்றதும் மாமியாரின் முழங்கால்தான் நினைவுக்கு வந்தது. 1991-இல் திறந்த முதல் டிவிசி ரிசார்ட் அது. அறைகள் டிவிசியிலேயே மிக விசாலம், ஆனால் மூன்று மாடிக் கட்டடங்கள். லிஃப்ட் இருப்பது 62, 63, 64 எண் கட்டடங்களில் மட்டும். தரைத்தளம் வேண்டும் என்று ஓனர் வழியாகக் குறிப்பு எழுத வைக்கலாம், ஆனால் அது வேண்டுகோள்தான், உத்தரவாதம் இல்லை. மூன்றாம் மாடி விழுந்துவிட்டால் அவங்களை எப்படி ஏற்றி இறக்குவீங்க? சரடோகா ஸ்பிரிங்ஸில் ட்ரீஹவுஸ் வில்லாவும் வேண்டாம், தூண் மேல் நிற்கும் வீடு, வாசலுக்கே படி ஏறணும்.

உங்க குடும்பத்துக்கு என் தேர்வு அனிமல் கிங்டம் லாட்ஜில் கிடானி வில்லேஜ். டூ பெட்ரூமில் மூன்று குளியலறை, லிஃப்ட் உண்டு, காரைக் கட்டடத்துக்கு அடியிலேயே நிறுத்தலாம். சவானா வியூ எடுத்தால் பால்கனியில் உட்கார்ந்தபடியே ஒட்டகச்சிவிங்கியும் வரிக்குதிரையும் பார்க்கலாம். பூங்காவுக்குப் போக முடியாத நாளில் தாத்தா பாட்டிக்கு அதுவே போதும். பாயிண்ட் கட்டுப்படியாகவில்லை என்றால் ஸ்டாண்டர்டு வியூ போடுங்க. குறை இரண்டு: பூங்காக்களுக்குப் பஸ் அல்லது கார்தான், மோனோரயில் கிடையாது. தாழ்வாரம் ரொம்ப நீளம், அதனால் ‘லிஃப்ட் பக்கத்தில்’ என்று வேண்டுகோள் எழுத வையுங்க. மேஜிக் கிங்டம் பூங்காவுக்கு நடந்தே போய் மதியம் குழந்தையைத் தூங்கவைக்கணும் என்றால் பே லேக் டவர். அங்கேயும் டூ பெட்ரூமில் மூன்று குளியலறை. பாயிண்ட் கூடுதலாகும்.

டூ பெட்ரூமில் இரண்டு விதம் இருக்கு, கேட்டு வாங்குங்க. ‘லாக்-ஆஃப்’ என்றால் ஒன் பெட்ரூமும் ஸ்டூடியோவும் (ஒற்றை அறை) நடுக்கதவால் சேர்ந்தது. இரண்டாவது அறைக்குத் தனி வாசலும் சின்ன ஃப்ரிட்ஜ், மைக்ரோவேவும் இருக்கும். பெரியவர்களுக்கு ராத்திரி மாத்திரை, வெந்நீருக்கு அது வசதி. ‘டெடிகேட்டட்’ என்றால் அது கிடையாது, பெரும்பாலும் இரண்டு குயின் கட்டில். செலவு குறையுமே என்று இரண்டு ஸ்டூடியோ போடாதீங்க. அடுப்பே இருக்காது, பக்கத்துப் பக்கத்து அறை கிடைக்கும் என்ற உறுதியும் இல்லை.

பாப்பா மே மாதம் மூன்று முடிப்பதைக் கவனிங்க. மூன்று வயதுக்குள் தொட்டிலில் தூங்கும் குழந்தையை ஆள் கணக்கில் சேர்க்க மாட்டாங்க, பூங்கா டிக்கெட்டும் வேண்டாம். ஜூனில் அவளுக்கு இரண்டுமே உண்டு. டூ பெட்ரூமில் எட்டு அல்லது ஒன்பது பேர் தங்கலாம், அதனால் இடம் பிரச்சினை இல்லை. டிக்கெட் பட்ஜெட்டில் மட்டும் சேர்த்துக்கோங்க. 3 முதல் 9 வயது வரை குழந்தை விலை.

சமையலறையில் முழு அளவு ஃப்ரிட்ஜ், அடுப்பு, ஓவன், பாத்திரம் கழுவும் இயந்திரம், சட்டி, தட்டு எல்லாம் இருக்கும். துணி துவைக்க, உலர்த்த இயந்திரமும் உள்ளேயே. நீங்க கொண்டுபோக வேண்டியது அடி தட்டையான சின்ன குக்கர், இட்லித் தட்டு, கூரான கத்தி, அஞ்சறைப்பெட்டி. தாளிப்பதற்கு முன்னால் எக்ஸாஸ்ட் ஃபேனைப் போட்டுட்டு, தீயைக் குறைச்சு, மிளகாய் வற்றலைக் கடைசியா போடுங்க. எண்ணெய் புகைஞ்சா ஸ்மோக் அலாரம் கத்தும், ராத்திரி நேரம்னா கட்டடமே எழுந்துக்கும்.

அட்லாண்டாவிலிருந்து ஆறேழு மணி நேரப் பயணம், அதனால் மாவை உப்புப் போடாமல் ஐஸ் பெட்டியில் வையுங்க, டப்பாவில் பாதி அளவுக்குத்தான் ஊற்றணும். செக்-இன் மாலை 4 மணிக்குத்தான். முன்னாடியே போய்ச் சேர்ந்தால் பெல் சர்வீசஸ் கவுண்டரில் கொடுத்தால் குளிர்பதனத்தில் வைத்திருப்பாங்க. மளிகையை ஆன்லைனில் போட்டாலும் அங்கேதான் வந்து இறங்கும்.

டைம்ஷேர்_ஆர்லாண்டோ:

டிஸ்னிக்குள்தான் தங்க வேண்டும் என்ற கட்டாயம் இல்லையென்றால் வெளியே உள்ள டைம்ஷேர்களையும் பாருங்கள். கிஸ்ஸிமியில் ஆரஞ்சு லேக், லேக் பியூனா விஸ்டாவில் விஸ்டானா போன்ற இடங்களில் முழு வாரத்துக்கு டூ பெட்ரூம், முழுச் சமையலறையோடு டிவிசி வாடகையைவிட நன்றாகக் குறைந்த விலையில் ஓனர்கள் விடுகிறார்கள். கார் இருப்பதால் உங்களுக்குச் சிரமமில்லை. இழப்பது என்னவென்றால், பூங்கா திறப்பதற்கு அரை மணி முன்பு உள்ளே விடும் சலுகை இல்லை, பூங்காவில் கார் நிறுத்த நாளுக்கு நாள் கட்டணம் உண்டு, லைட்னிங் லேனை (பணம் கட்டி வரிசையில் காத்திருப்பதைக் குறைக்கும் பாஸ்) 7 நாளுக்குப் பதில் 3 நாள் முன்பிருந்துதான் புக் செய்யலாம்.

இங்கே மூன்று விஷயம் கவனிக்க வேண்டும். ஓனர் தருவது அவருடைய சொந்த வாரமா, ஆர்சிஐ (ஓனர்கள் வாரங்களை மாற்றிக்கொள்ளும் நிறுவனம்) வழியாக மாற்றி எடுத்ததா என்று எழுத்தில் கேளுங்கள். மாற்றி எடுத்த வாரத்தை வாடகைக்கு விடுவது ஆர்சிஐ விதிக்கு எதிரானது, தெரிந்தால் ரத்தாகும். இரண்டு, உங்கள் பெயரில் கெஸ்ட் சர்ட்டிஃபிகேட் வாங்கித் தரவேண்டும். ஓனர் பெயரிலேயே விட்டுவிட்டால் கவுண்டரில் சாவி தர மாட்டார்கள்.

மூன்றாவதுதான் பலரை மாட்டிவிடுவது. செக்-இன் முடிந்ததும் “பார்க்கிங் பாஸ் அங்கே வாங்கிக்கொள்ளுங்கள்” என்று பக்கத்து மேசைக்கு அனுப்புவார்கள். அது விற்பனை மேசை. மலிவு டிக்கெட், பரிசு அட்டை என்று காட்டி 90 நிமிடக் கூட்டத்துக்கு அழைப்பார்கள், உட்கார்ந்தால் அரை நாள் போகும். பாஸை மட்டும் வாங்கிக்கொண்டு “நாங்கள் வாடகைக்கு வந்தவர்கள், ஆர்வமில்லை” என்று சொல்லி நகருங்கள். போன் நம்பரும் கொடுக்க வேண்டாம். யாராவது கையெழுத்துப் போட்டுவிட்டால், புளோரிடா சட்டப்படி 10 நாளுக்குள் எழுத்து மூலம் ரத்து செய்து முழுப் பணத்தையும் திரும்பப் பெறலாம். வழிமுறை ஒப்பந்தத்திலேயே அச்சிட்டிருக்கும். அதை அன்றைக்கே அனுப்புங்கள், அனுப்பியதற்கு ரசீது வைத்துக்கொள்ளுங்கள்.

பெரியகுடும்பம்_அட்லாண்டா:

மூவருக்கும் மிக்க நன்றி. மீனா அக்கா, லிஃப்ட் விஷயம் எனக்குத் தெரியவே தெரியாது. கிடானி ஓனரைத் தேடுகிறேன். இன்னொரு கேள்வி: மாமனார் மாமியாருக்கு விசா இன்னும் வரவில்லை. வராவிட்டால் கேன்சல் செய்து பணம் வாங்க முடியுமா?

பாயிண்ட்_கணக்கு:

ஓனரிடமிருந்து கிடைக்காது என்றே வைத்துக்கொள்ளுங்கள். பாயிண்ட்டுக்கு ஆயுள் உண்டு. பயணத்துக்கு 30 நாள் அல்லது அதற்கும் குறைவாக இருக்கும்போது ரத்து செய்தால் அந்தப் பாயிண்ட் ‘ஹோல்டிங்’ கணக்குக்குப் போய்விடும். அதைக்கொண்டு 60 நாளுக்குள் வரும் தேதிகளைத்தான் புக் செய்யலாம். அந்த நேரத்தில் நல்ல அறை எதுவும் மிஞ்சாது. முன்கூட்டியே ரத்து செய்தாலும், போன ஆண்டிலிருந்து எடுத்துவைத்த பாயிண்ட்டாக இருந்தால் காலாவதியாகிவிடலாம். அதனால்தான் வாடகை ஒப்பந்தங்களில் பணம் திரும்பாது என்று எழுதுகிறார்கள். சிலர் தேதி மாற்ற ஒத்துக்கொள்வார்கள். கேட்டு அதையும் எழுத்தில் வாங்குங்கள்.

சாதாரணப் பயணக் காப்பீடு விசா மறுப்புக்குப் பணம் தராது. ‘எந்தக் காரணத்துக்கும் ரத்து’ என்ற கூடுதல் பிரிவு வேண்டும். பெரும்பாலான பாலிசிகளில் அதை முதல் பணம் கட்டிய 14 முதல் 21 நாளுக்குள் சேர்க்க வேண்டும். அப்போதும் 50 முதல் 75 சதவீதம்தான் திரும்பும்.

முதன்மை விருந்தினர் பெயர் உங்களுடையதாகவோ கணவருடையதாகவோ இருக்கட்டும். பெரியவர்கள் வராவிட்டாலும் புக்கிங் நிற்கும். அவர்களுக்கான பூங்கா டிக்கெட்டை விசா கையில் வந்தபிறகு வாங்கினால் போதும்.

மீனா_சமையலறை:

விசா வந்துட்டா, செக்-இன்னுக்கு 60 நாள் முன்னாடி உணவக முன்பதிவு திறக்கும்போதே கிடானியில் சனா உணவகத்தைப் பிடிச்சிடுங்க. ஆப்பிரிக்க, இந்தியச் சுவை கலந்த இடம், நான் ரொட்டியும் விதவிதமான சட்னியும் சேர்ந்த பிரெட் சர்வீஸ் பெயர்போனது. மாமனாருக்கு அந்த ஒரு வேளை வெளிச்சாப்பாடு அங்கே இருக்கட்டும். ஜன்னலுக்கு வெளியே விலங்குகளும் தெரியும், அதனால் இருட்டுறதுக்கு முன்னால நேரம் எடுங்க.

இன்னொன்று, பாயிண்ட்டில் தங்கினால் தினமும் அறை சுத்தம் செய்ய வரமாட்டாங்க. ஏழு இரவுக்கு நாலாவது நாள் குப்பை எடுத்து, துண்டு மாற்றித் தருவாங்க, அவ்வளவுதான். குப்பைப் பை, பாத்திரம் தேய்க்கும் நார் இரண்டையும் காரில் போட்டுக்கோங்க.