சன்னி ராலின்ஸ்: 27 வயதிலும் 80 வயதிலும் அதே மெட்டு

அமெரிக்க ஜாஸ் சாக்ஸபோன் கலைஞர் ராலின்ஸை நான் முதலில் கேட்டது ஒலித்தட்டில்தான். 1957 நவம்பரில் நியூயார்க்கின் வில்லேஜ் வான்கார்ட் கிளப்பில் பதிவானது. பியானோ கிடையாது. பாஸ், டிரம்ஸ், அவருடைய டெனர் சாக்ஸபோன், அவ்வளவுதான். அதில் 'சன்னிமூன் ஃபார் டூ' என்று ஒரு ப்ளூஸ், அதாவது பன்னிரண்டு தாளக் கட்டங்களின் சுற்று திரும்பத் திரும்ப வரும் இசை வடிவம். இறங்கி வரும் ஒரு சின்ன வரி, அதையே மூன்று தடவை வாசித்தால் மெட்டு முடிந்தது. 27 வயதில் அந்த வரியை வைத்துக்கொண்டு மனிதர் ஆடும் ஆட்டம் இருக்கிறதே! ஆனால் எல்லாம் தெரியும் என்று காட்டும் துடிப்பும் அதில் கொஞ்சம் உண்டு.

அப்படி வாசித்தவர்தான், தன் வாசிப்பு போதாதென்று 1959-இல் கச்சேரிகளை நிறுத்தினார். அக்கம்பக்கத்தாருக்குத் தொல்லை வேண்டாமென்று நியூயார்க்கின் வில்லியம்ஸ்பர்க் பாலத்தில் போய்ச் சாதகம் செய்தார். திரும்பி வந்து 1962-இல் வெளியிட்ட 'தி பிரிட்ஜ்' தட்டைப் பலர் கொண்டாடுவார்கள். எனக்கு அது அத்தனை பெரிய மாற்றமாகப் படவில்லை.

எனக்கு மாற்றம் புரிந்தது 2010 செப்டம்பரில், நியூயார்க்கின் பீக்கன் தியேட்டரில் நடந்த அவருடைய 80ஆவது பிறந்தநாள் கச்சேரியில். முதுகு வளைந்து, மெல்ல நடந்து வந்தார். அதே 'சன்னிமூன்'. இப்போதும் பியானோ இல்லை. டிரம்ஸில் 85 வயது ராய் ஹேன்ஸ், பாஸில் கிறிஸ்டியன் மெக்பிரைட். வரியை விட்டு அவர் விலகவே இல்லை. ஒரு துண்டை எடுப்பார், இடம் மாற்றி வைப்பார், நிறுத்துவார். கர்நாடக சங்கீதத்தில் ஒரே வரியை விதவிதமாக விரிக்கும் நிரவலைக் கேட்டுப் பழகிய காதுக்கு அந்தச் சுகம் உடனே பிடிபடும்.

நெடுநேரம் கழித்து கட்டுகளை உதறிய 'ஃப்ரீ ஜாஸ்' பாணியின் முன்னோடி ஆர்னெட் கோல்மன் ஆல்டோ சாக்ஸபோனோடு மேடைக்கு வந்தார். இருவரும் பொதுமேடையில் சேர்ந்து வாசித்தது அதுவே முதல் தடவை. கோல்மன் ப்ளூஸின் கட்டங்களைப் பொருட்படுத்தாமல் தன் வழியில் போனார். அதன்பின் ராலின்ஸ் என்ன செய்தார் தெரியுமா? தன் கோட்டைக்குள் திரும்பி ஒளிந்துகொள்ளவில்லை. கோல்மன் போன பாதையிலேயே இறங்கி, கரகரத்த, உடைந்த சத்தங்களில் பதில் சொன்னார். அத்தனை புகழோடு 80 வயதில், விருந்தாளியைக் கேட்டு அங்கேயே தன் வாசிப்பை மாற்றிக்கொள்ள எத்தனை பேருக்கு மனசு வரும்?

கூட வந்த நண்பர், "சுருதியே சேரலையேப்பா" என்று வழியெல்லாம் புலம்பினார். அவர் சொன்னதும் முழுத் தப்பில்லை.

அந்த வாசிப்பு 2011-இல் வந்த 'ரோட் ஷோஸ்' இரண்டாம் தொகுதியில் இருக்கிறது, இருபது நிமிடத்துக்கு மேல். வான்கார்ட் பதிவை முதலில் கேட்டுவிட்டு அதற்குப் போங்கள்.