செருப்பைக் கழற்றினால் சாய்கிற கால்

அப்பாவுக்குச் சர்க்கரைப் புண் ஆறவே இல்லை. இடது காலை முழங்காலுக்குக் கீழே எடுத்துவிட்டார்கள். ஆறு மாதம் கழித்து ஒரு தனியார் இடத்தில் செயற்கைக் கால் போட்டோம். அங்கே ஷூவோடு கம்பியைப் பிடித்து நடக்கவைத்தார்கள். நன்றாகவே நடந்தார்.

வம்பு வீட்டு வாசலில்தான் ஆரம்பித்தது. ஷூவைக் கழற்றி நாலு எட்டு வைப்பதற்குள், "பின்னாடி தள்ளுதுடா" என்று சுவரைப் பிடித்துக்கொண்டார். பயம் என்று நினைத்தோம். (நான் திட்டக்கூடச் செய்தேன்.) வடபழனி கோயிலிலும் அதே கதை. மேட்டில் ஏறுகிற மாதிரி முட்டியைப் பின்னால் இழுக்கிறது என்று சொல்லி, கொடிமரத்தைத் தாண்டாமல் திரும்பிவிட்டார்.

அப்புறம் கே.கே.நகரில் அரசு மறுவாழ்வு மருத்துவமனைக்குப் போனபோது, பக்கத்தில் உட்கார்ந்திருந்த இஸ்திரிக்காரர் ஒருவர் அப்பாவின் காலையே பார்த்துக்கொண்டிருந்தார். "ஷூவுக்கு வெச்ச காலு இது, பெரியவரே. வெறுங்காலா நடந்தா சாயத்தானே செய்யும்?" என்றார். ஷூவின் குதிகால் ஒரு விரல் அளவு உயரம். அதைக் கணக்கில் வைத்துத்தான் காலைப் பொருத்துவார்களாம். ஷூ போனால் குதி இறங்கும், முழுக்காலும் பின்னால் சாயும். இதை எங்களுக்கு யாருமே சொல்லவில்லை.

அவர் கைலியைத் தூக்கித் தன் காலைக் காட்டினார். ஜெய்ப்பூர் கால். ஐந்து விரலும் நகமும் வார்த்த ரப்பர், பெருவிரல் ஓரத்தில் கரிக்கோடு. டாக்டர் பி.கே. சேத்தியும் ராம் சந்திர சர்மா என்ற கைவினைஞரும் ஜெய்ப்பூரில் உருவாக்கியது, 1960களின் கடைசியில். வெறுங்காலோடு நடக்கிற, தரையில் சம்மணமிட்டு உட்கார்கிற நம் ஆட்களை மனதில் வைத்தே செய்தது. "மழைத்தண்ணியிலயும் இதோடதான் போறேன். ரப்பர் வெடிச்சா மாத்திக்குவேன்" என்றார். ஒரே பெருமை!

அப்பாவுக்குக் காலை மாற்றவில்லை. கால் பொருத்தியவரிடமே திரும்பப் போனோம். கணுக்காலுக்கு மேலே இருந்த நாலு திருகுகளை ஆலன் கீயால் கொஞ்சம் தளர்த்தி, இறுக்கி, நடக்கச் சொல்லி, மறுபடி திருகினார். கால் மணி நேர வேலை. இனி தட்டைச் செருப்பு மட்டும், அந்தப் பழைய ஷூ வேண்டாம் என்றார்.

இதைப் படித்த இன்னொருவரின் பதில், மேலே எழுதியவருக்கு: எனக்கு முழங்காலுக்கு மேலே எடுத்தது. உங்கள் அப்பாவுக்கு இதையும் சொல்லுங்கள். சாயங்காலம் கால் லொடலொடவென்று ஆடினால் கால் நுழைகிற கூடான சாக்கெட்டைக் குறை சொல்ல வேண்டாம், எடுத்தது போக மிச்சமிருக்கிற மொட்டைக்கால் சுருங்கியிருக்கும். அதன் மேல் இன்னொரு காலுறை போட்டால் சரியாகிவிடும். சித்திரை வெயிலில் வேறு தொல்லை. மொட்டைக்காலில் மாட்டுகிற மெத்தென்ற உறை, அதுதான் லைனர், அதற்குள் வியர்வை சேர்ந்து வழுக்கும். கிண்டி ஸ்டேஷன் பெஞ்சில் காலைக் கழற்றித் துடைத்துக்கொண்டு உட்கார்ந்திருப்பேன். முதலில் கூச்சமாக இருந்தது. இப்போது டவலால்கூட மறைப்பதில்லை.