பகலில் நன்றாக ஓடும் வைஃபை, வகுப்பு நேரத்தில் மட்டும் விழுகிறது

செந்தூல் டீச்சர்:

வணக்கம். கோலாலம்பூர் செந்தூலில் அடுக்குமாடி வீடு. ரவுட்டர் ஹாலில், டிவிக்குப் பக்கத்தில் இருக்கிறது. நான் பின்னறையில் உட்கார்ந்து ராத்திரி எட்டரைக்கு எஸ்.பி.எம். (ஐந்தாம் படிவத் தேர்வு) மாணவர்களுக்கு கூகுள் மீட்டில் இலக்கிய வகுப்பு எடுக்கிறேன். பகலில் அதே அறை, அதே மேசை, அதே லேப்டாப். பாடம் தயார் செய்வேன், யூடியூப் பார்ப்பேன், ஒரு குறையும் இல்லை. வகுப்பு தொடங்கிய கொஞ்ச நேரத்தில்தான் வினை. குரல் விட்டு விட்டுப் போகிறது, அப்புறம் படம் நின்றுவிடுகிறது. "டீச்சர், வாயைத் திறந்தபடியே நின்னுட்டீங்க" என்று ஒரு பையன் சாட்டில் எழுத, மற்றவர்கள் வரிசையாகச் சிரிப்புப் பொம்மை போடுகிறார்கள்.

வைஃபை குறியில் கோடுகள் குறையாமல்தான் இருக்கின்றன. அதே மேசையில் கைப்பேசி ஜம்மென்று ஓடுகிறது. லேப்டாப் லோயாட் கணினிக் கடைத்தொகுதியில் செகண்ட் ஹேண்டாக வாங்கியது, விண்டோஸ் 10. இணைய நிறுவனத்துக்குப் போன் அடித்தால் பேக்கேஜை உயர்த்தச் சொல்கிறார்கள். மாதா மாதம் கூடுதல் வெள்ளி கட்டச் சொல்வது அவர்களுக்குச் சுலபம்.

வயர்லெஸ் மவுஸும் அந்த நேரத்தில் திக்கித் திக்கி நகர்கிறது. பேட்டரி புதிதுதான். அது வேறு கதை, விடுங்கள்.

கெப்போங் தம்பி:

டீச்சர், எட்டு மணிக்கு மேல் பிளாட்டில் எல்லாரும் வீட்டில் இருப்பார்கள், எல்லா ரவுட்டரும் வேலை செய்யும். வைஃபை ஓடும் அலைவரிசைப் பட்டைகளில் 2.4 கிகாஹெர்ட்ஸ் ஒன்று, 5 கிகாஹெர்ட்ஸ் இன்னொன்று. 2.4இல் ஒன்றோடொன்று இடிக்காத சேனல், அதாவது தடம், மூன்றுதான்: 1, 6, 11. உங்கள் ரவுட்டர் எதில் இருக்கிறது என்று பார்த்து, கூட்டம் குறைந்ததற்கு மாற்றுங்கள். இன்னொன்று, விண்டோஸின் டிவைஸ் மேனேஜரில் வைஃபை கார்டைத் திறந்து, பவர் மேனேஜ்மென்டில் மின்சாரம் மிச்சப்படுத்தக் கார்டை அணைக்கலாம் என்றிருக்கும் டிக்கை எடுத்துவிடுங்கள்.

செந்தூல் டீச்சர்:

நன்றி தம்பி. இரண்டும் செய்தாயிற்று. சேனல் 6இலிருந்து 11க்கு மாற்றியதில் கொஞ்சம் தேவலாம். ஆனால் நேற்றும் நடு வகுப்பில் விழுந்தது.

பட்டர்வொர்த் கடைக்காரன்:

டீச்சர், நான் இங்கே பட்டர்வொர்த்தில் லேப்டாப் பழுதுபார்க்கிற கடை வைத்திருக்கிறேன். நீங்கள் விடச் சொன்ன அந்த மவுஸ்தான் எனக்கு உறுத்துகிறது. வகுப்பு நேரத்தில் மட்டும் லேப்டாப்பில் எதையாவது செருகுவீர்களா? அப்படியே வைஃபை பெயரை அழுத்தி, ப்ராப்பர்ட்டீஸ் திறந்து, கடைசிவரை இறங்கி, நெட்வொர்க் பேண்ட் என்ற வரியில் என்ன இருக்கிறது என்றும் சொல்லுங்கள்.

செந்தூல் டீச்சர்:

ஆமாண்ணே, வெளி ஹார்ட் டிஸ்க் செருகுவேன். லேப்டாப்பில் இடமில்லை, வராத பிள்ளைகளுக்காகத் திரையை ரெக்கார்ட் செய்து நேராக அதில் சேமிக்கிறேன். இடப்பக்கம் உள்ளே நீலமாக இருக்கும் துளையில் ஹார்ட் டிஸ்க், அதை ஒட்டின துளையில் மவுஸின் குட்டி ரிசீவர். பேண்ட் 2.4 என்று போட்டிருக்கிறது. புரோட்டோகால் வைஃபை 4.

பட்டர்வொர்த் கடைக்காரன்:

ஆள் அகப்பட்டுவிட்டான். ஹார்ட் டிஸ்க்தான் என்று நினைக்கிறேன்.

நீலத் துளை பெரும்பாலும் யூஎஸ்பி 3.0. அதில் தரவு நொடிக்கு 5 கிகாபிட் வேகத்தில் ஓடும்போது ரேடியோ இரைச்சல் கிளம்பும். அந்த இரைச்சல் 2.4 கிகாஹெர்ட்ஸ் பட்டையிலும் பரவுகிறது. இன்டெல் நிறுவனமே 2012இல் இதை அளந்து அறிக்கை போட்டிருக்கிறது. இரைச்சல் துளையிலிருந்தும் வரும், கேபிளிலிருந்தும் வரும், டிஸ்க்கிலிருந்தும் வரும். உங்கள் வைஃபையும் மவுஸும் அதே 2.4இல்தான் பேசுகின்றன. இரண்டும் ஒரே நேரத்தில் திக்குவது அதனால்தான். கைப்பேசி 5 கிகாஹெர்ட்ஸில் இருக்கும். அதற்கு இந்தத் தொல்லை இல்லை.

கோடுகள் குறையவில்லை என்றீர்கள். அந்தக் கோடு ரவுட்டரின் சத்தம் எவ்வளவு பலமாக வருகிறது என்றுதான் காட்டும், பக்கத்தில் எவ்வளவு இரைச்சல் என்று காட்டாது. தைப்பூசத்தில் உறுமி மேளத்துக்குப் பக்கத்தில் நின்று போன் பேசிப் பாருங்கள்: லைன் முழுசாக இருக்கும், பேச்சு மட்டும் விளங்காது.

முதலில் காசில்லாத வழி. ஹார்ட் டிஸ்க்கை யூஎஸ்பி 2.0 துளைக்கு மாற்றுங்கள், பெரும்பாலும் உள்ளே கறுப்பாக இருக்கும். வேகம் 480 மெகாபிட்தான், ஆனால் திரை ரெக்கார்டிங்குக்கு அது தாராளம். அப்படித் துளை இல்லையென்றால் லேப்டாப்பிலேயே ரெக்கார்ட் செய்துவிட்டு, வகுப்பு முடிந்தபின் டிஸ்க்குக்கு மாற்றுங்கள். மவுஸ் ரிசீவரை எதிர்ப்பக்கம் செருகுங்கள். ஹார்ட் டிஸ்க்கைத் திரைக்குப் பின்னால் தள்ளி வைக்காதீர்கள். பெரும்பாலான லேப்டாப்பில் வைஃபை ஆன்டெனா திரைச் சட்டத்துக்குள்தான் ஓடுகிறது.

அப்புறம் 5 கிகாஹெர்ட்ஸ். ரவுட்டருக்குப் பக்கத்தில் லேப்டாப்பை வைத்தும் ரவுட்டரின் 5 கிகா வைஃபை பெயர் பட்டியலில் வரவில்லை என்றால், பெரும்பாலும் கார்டு 2.4 மட்டும் தெரிந்த பழசு. உள்ளே கார்டை மாற்றலாம், ஆனால் சில பழைய மாடல்களில் பயாஸ் (லேப்டாப்பைத் தொடக்கிவைக்கும் உள் மென்பொருள்) வேறு கார்டை ஏற்காது, அதனால் வாங்குமுன் கேட்டுக்கொள்ளுங்கள். யூஎஸ்பியில் செருகும், 2.4, 5 இரண்டும் தெரிந்த இரட்டைப் பட்டை வைஃபை அடாப்டர் அதைவிடத் தலைவலி இல்லாதது. ஒன்று மட்டும்: 5 கிகா கான்கிரீட் சுவரைக் கண்டால் சுருங்கும், பின்னறைக்கு எவ்வளவு வருகிறது என்று கைப்பேசியை வைத்தே பார்த்துவிடுங்கள்.

பேக்கேஜ்? வேண்டவே வேண்டாம். அது ரவுட்டர் வரைக்கும் வருகிற வேகம். உங்கள் சிக்கல் மேசை மேல். வீடியோ வகுப்புக்குச் சில மெகாபிட் போதும்.

செந்தூல் டீச்சர்:

அண்ணே, கறுப்புத் துளை வலப்பக்கம் ஒன்று இருந்தது, சார்ஜருக்குப் பக்கத்தில். டிஸ்க்கை அங்கே மாற்றி இன்றைக்கு வகுப்பு எடுத்தேன். ஒரு தடவைகூட நிற்கவில்லை, மவுஸும் ஒழுங்காக நகர்ந்தது. பாதியில் வேண்டுமென்றே டிஸ்க்கை நீலத்துக்கு மாற்றிப் பார்த்தேன். ரெக்கார்டிங் மறுபடி ஓடத் தொடங்கியதும் குரல் போயிற்று. மறுபடி கறுப்பு, மறுபடி சரி. பிள்ளைகளுக்கு என்ன நடக்கிறதென்றே புரியவில்லை.

5 கிகா பெயர் ஹாலில்கூட லேப்டாப்பில் தெரியவில்லை. அடாப்டர் பிறகு பார்க்கிறேன், இப்போது அவசரமில்லை.

கெப்போங் தம்பி:

எனக்கு இது புதுசு. தம்ப் டிரைவும் இப்படிச் செய்யுமா?

பட்டர்வொர்த் கடைக்காரன்:

3.0 என்றால் செய்யும் தம்பி, ஃபைல் நகரும் நேரத்தில்தான். டைப்-சி ஹப்பும் அப்படித்தான், அதிலும் மலிவானதில் உள்ளே உலோக மறைப்பு சரியாக இருக்காது. கடைக்கு வைஃபை கெட்டுப்போச்சு என்று வருகிறவர்களிடம் முதலில் செருகியிருப்பதை எல்லாம் பிடுங்கச் சொல்வேன், பிறகுதான் ஸ்க்ரூடிரைவரைத் தொடுவேன்.