சுவரில் திரும்பத் திரும்பப் படரும் பூஞ்சை: யாரை முதலில் அழைப்பது?

அனைவருக்கும் வணக்கம். குளியலறையை ஒட்டிய எங்கள் படுக்கையறைச் சுவரில் கரும்பூஞ்சை படர்ந்திருக்கிறது. சோப்புத் தண்ணீரால் தேய்த்துக் கழுவி நன்றாக உலரவிட்ட பிறகும் அதே இடத்தில் மறுபடியும் தோன்றுவதால், சுவருக்குள் செல்லும் குழாயில் கசிவு இருக்குமோ என்று அஞ்சுகிறேன். ஈரம் வரும் வழியை அடைக்காமல் மேலே பெயின்ட் அடிப்பதில் பயனில்லை என்பதை அறிவேன்.

ஏறத்தாழ 10 சதுர அடிக்கு உட்பட்ட பரப்பை, முகக்கவசமும் கையுறையும் அணிந்து நாமே சுத்தம் செய்யலாம் என்பது பொதுவான வழிகாட்டுதல். எங்கள் சுவரில் பரப்பு அதைவிடக் குறைவுதான். ஆனால் பூச்சு உப்பி உதிர்கிறது, ஆஸ்துமா உள்ள என் தாயார் உறங்குவதும் அந்த அறையில்தான் (இப்போதைக்கு அவரை வேறு அறைக்கு மாற்றியிருக்கிறோம்).

இந்நிலையில் முதலில் அழைக்க வேண்டியவர் பிளம்பரா, பூஞ்சை அகற்றும் வல்லுநரா? சுவரை உடைக்காமலேயே கசிவைக் கண்டறிந்த அனுபவம் உள்ளவர்கள் அதன் வழிமுறையைத் தெரிவித்தால் மிகவும் நன்றியுடையவளாக இருப்பேன்.